மொட்டை மாடியில் ஒரு சதுர மீட்டர் லீட்ஸ்

எனக்குத் தெரிந்த தொழில் கல்லின்மேல் கட்டையை வைப்பது. ரயில்வேயில் நிரந்தரப் பாதைப் பிரிவு. ஜல்லியைப் பரப்பி, அதன்மேல் ஸ்லீப்பர் கட்டையைப் போட்டு, அதன்மேல் தண்டவாளத்தைப் பூட்டுகிற கேங்கை முப்பது வருடத்துக்கும் மேலாக மேய்த்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஹைதராபாத் மௌலா அலி யார்டின் ஓரத்து லைன்களில் சால் மரக் கட்டைகள் இன்னும் கிடந்தன. இரண்டே முக்கால் மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம், 13 சென்டிமீட்டர் கனம். ஓய்வு பெறும்போது எல்லாம் கான்கிரீட் ஆகிவிட்டது. ஒவ்வொன்றும் கால் டன்னுக்கு மேல். ஆனாலும் வரிசை மாறவில்லை. கீழே கல், மேலே கட்டை.

லீட்ஸிலிருந்து மகள் கேட்டது தலைகீழ் வரிசை. கீழே மரம், மேலே கல், இரண்டுக்கும் நடுவில் கரண்ட்.

அவளும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு பழைய வீடு வாங்கியிருந்தார்கள். விக்டோரியா காலத்துச் செங்கல் வரிசை வீடு. அந்த மாதிரி வீடுகளில் தரை என்பது தரையில் இருக்காது. மண்ணுக்கு மேல் முழங்கால் உயரத்துக்கு வெற்றிடம் விட்டு, சுவருக்குச் சுவர் மர உத்திரங்களை ஓட்டி, அவற்றின்மேல் பலகை அடித்திருப்பார்கள். வெற்றிடத்தில் காற்றோட வெளிச்சுவரில் ஓட்டைச் செங்கற்கள். அந்தக் காற்று பலகை இடுக்கு வழியாக அடுக்களைக்குள்ளும் வந்து, குளிர்காலத்தில் கால் விரைத்துப் போகிறது. பலகையின்மேல் சூடேற்றும் கம்பி விரிப்பு ஒன்றைப் பரப்பி அதன்மேல் கல் பதித்துவிட்டால் தீர்ந்தது என்று யோசனை.

“எஸ்டிமேட் வாங்கினோம்ப்பா. கல்லு விலையை விட, தரையைத் தயார் பண்றதுக்குத்தான் ஜாஸ்தி கேக்கறாங்க.”

“தயார் பண்ண என்னம்மா இருக்கு? அதான் பலகை இருக்கே, மேலே ஒட்ட வேண்டியதுதானே” என்றேன்.

கூடவே இன்னொரு ஆலோசனையும் இலவசமாகக் கொடுத்தேன். “முதல்ல அந்தச் சுவர் ஓட்டையை எல்லாம் சிமெண்ட் வெச்சு அடைச்சிடு. பாதிக் குளிர் போயிடும்.” நல்லவேளை, மாப்பிள்ளை அடைக்கவில்லை. அந்த ஓட்டைகள் இருப்பதால்தான் நூற்று இருபது வருடமாக உத்திரங்கள் இற்றுப்போகாமல் இருக்கின்றன. அடைத்திருந்தால் அடியில் ஈரம் தங்கி, பூஞ்சை பிடித்து, சில வருடங்களில் அடுக்களையே கீழே இறங்கியிருக்கும். மாப்பிள்ளை இதை என்னிடம் மிகவும் மரியாதையாக, ஒரு பி.டி.எஃப் கோப்பாகச் சொன்னார். அவர் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக் கொடுப்பவர். எதையும் வாயால் மறுக்க மாட்டார்.

அந்தக் கோப்பில் இன்னொன்றும் இருந்தது. ஓடு பதிக்கிற தரையின் உத்திரம் எவ்வளவு வளையலாம் என்பதற்கு அமெரிக்க ஓடு பதிக்கும் தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உத்திரத்தின் நீளத்தை 360ஆல் வகு. அதற்கு மேல் தொய்யக் கூடாது. இயற்கைக் கல் என்றால் 720ஆல் வகு. மூன்றரை மீட்டர் உத்திரம், மேலே ஆள் நடந்து, மேசை போட்டு, ஃபிரிட்ஜ் வைத்து, எல்லாம் ஆனபிறகும் ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவாகத்தான் வளைய வேண்டும். மரம் வளைந்து பிழைக்கிற சாமான். கல் வளையாது, ஒரேயடியாக விரியும்.

நான் சிரித்தேன். ரயில் பாதை என்பதே அமுங்கி எழுகிற ஒன்று. எஞ்சின் வரும்போது கட்டை சில மில்லிமீட்டர் இறங்கி, போனதும் எழவில்லை என்றால் அந்தப் பாதைக்கு ஏதோ வியாதி என்று அர்த்தம். கட்டைக்கு அடியில் ஒரு சாண் கனத்துக்கு ஜல்லி மெத்தை கொடுப்பதே அதற்குத்தான். “கொஞ்சம் ஸ்பிரிங் இருக்கணும் மாப்பிள்ளை. இல்லேன்னா உடையும்” என்று எழுதி அனுப்பினேன். அவர் பதிலுக்குக் கை கூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினார்.

தரைக்கு அடியில் சூடு வைப்பது எனக்கொன்றும் புதிதல்ல என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை. சர்வீஸில் இருந்தபோது பாஸில் ஜம்மு வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் ஸ்ரீநகர் போயிருக்கிறோம். தங்கியிருந்த வீட்டில் ஹமாம் என்று ஓர் அறை. குளியலறை இல்லை, குளிர்காலம் முழுக்கக் குடும்பமே உட்கார்ந்திருக்கிற கூடம். தரை வழவழப்பான கல் பாளங்கள். அடியில் குட்டைக் கல் தூண்கள். வெளிப்பக்கத்து வாயில் விறகைச் செருகிக் கொளுத்திவிட்டால் புகையும் அனலும் கல்லுக்கு அடியில் ஓடுகிறது. பக்கத்திலேயே ஒரு செம்புப் பாத்திரம் புதைத்திருக்கிறார்கள். வெந்நீருக்கு வெந்நீரும் ஆயிற்று. ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் பிறந்த என் மனைவி அந்தக் கல்மேல் கம்பளியோடு படுத்தவள், ஏரி பார்க்கக்கூட எழுந்து வரவில்லை.

கொரியாக்காரர்களின் ஒண்டோலும் இதே கதைதான். அடுக்களை அடுப்பின் புகையைப் பக்கத்து அறையின் தட்டைக் கற்களுக்கு அடியில் ஓடவிட்டு, கல்மேல் மண் பூசி, எண்ணெய்க் காகிதம் ஒட்டுவார்கள். ரோமானியர்கள் ஓட்டுத் தூண்கள் எழுப்பித் தளத்தை அந்தரத்தில் நிறுத்தி, கீழே அனலைச் செலுத்திக் குளியல் கூடங்கள் கட்டினார்கள். இந்த மூன்று கூட்டத்தாரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்திருக்கிறார்கள், நான்தான் கவனிக்கவில்லை. கல்லுக்கு அடியில் ஒருவரும் மரத்தை வைக்கவில்லை. மரத்தை அவர்கள் வைத்த இடம் அடுப்பு.

எப்படியும் அடுத்த வசந்தத்தில் லீட்ஸ் போகப்போகிறோம். அதற்குள் ஒரு சதுர மீட்டர் மாதிரி செய்து பார்த்துவிட்டால், அங்கே போய் ஆள் கூலியை மிச்சம் பிடித்துக் கொடுக்கலாம். மௌலா அலி ஹவுசிங் போர்டு காலனியில், எங்கள் மொட்டை மாடியில், நல்ல மே மாதத்தில், லீட்ஸ் அடுக்களையின் ஒரு துண்டைக் கட்ட ஆரம்பித்தேன்.

முஷீராபாத் மர டிப்போவில் இங்கிலாந்து பைன் கேட்டேன். வெளிநாட்டு மெஷின் வந்த பெட்டியைப் பிரித்த பலகையைக் காட்டி, இதுதான் சீமை பைன் என்றார்கள். மரத்தின் ஈரத்தை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கோப்பில் இருந்தது. என்னிடம் மீட்டர் இல்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். கட்டையைத் தட்டி உளுத்ததா இல்லையா என்று சொல்கிறவன் நான். ஈரம் வேறு, உளுப்பு வேறு என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. ராணிகஞ்சில் ஸ்க்ரூ, கோட்டியில் ஒரு மல்டிமீட்டர், சிம்லா பக்கத்து வீடுகளுக்கு விற்பவர்களிடமிருந்து சூடேற்றும் விரிப்பும் தெர்மோஸ்டாட்டும். கல்லுக்கு மட்டும் அலையவில்லை. ஹைதராபாத்தில் கல்லுக்கு என்ன பஞ்சம். வாடி லைனில் நூறு தடவை கடந்துபோன தாண்டூரின் சுண்ணாம்புக்கல், 1874இல் நிஜாமின் ரயில் ஓட ஆரம்பித்த அதே தடம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஷாபாத் கல். பழைய ஹைதராபாத் வீடுகளில் காலில் படுவது பெரும்பாலும் இவை இரண்டில் ஒன்றுதான்.

பதிக்க வந்த மேஸ்திரி மஹபூப்நகர்க்காரர். விரிப்பைப் பார்த்தார், தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். நிழலிலேயே 42 டிகிரி.

“இதி எந்துக்கு சார்?”

தரையைச் சூடாக்க என்றேன்.

“இக்கட சலி மூடு வாராலே சார்” என்றார் மிக மென்மையாக. குளிர் இங்கே மூன்றே வாரம். புத்தி பேதலித்த பெரியவர்களிடம் பேசுகிற அந்தக் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். 1946 ஜனவரியில் ஹைதராபாத்தில் 6.1 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கரணையைக் கழுவப் போனார்.

இனி வேலை. உத்திரமாக மூன்று சட்டம், அவற்றின்மேல் பலகை, பலகைமேல் பிளைவுட். இதுவரை கோப்பின்படி. அடுத்து, கம்பியின் சூடு கீழே வெற்றிடத்துக்குப் போகாமல் தடுக்க, கெட்டியான நுரை நடுவில் வைத்துச் சிமெண்ட் பூசிய இன்சுலேஷன் பலகையைத் திருகிப் பொருத்த வேண்டும். கல் மரத்தைப் போலப் பதினைந்து, இருபது மடங்கு வெப்பம் கடத்தும். ஆனால் வெப்பத்துக்கு நல்ல வழி எது என்று யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது, வழி இருக்கிற பக்கமெல்லாம் போகும். அந்தப் பலகை விலையைக் கேட்டதும் எனக்குப் போன தீபாவளிக்கு வாங்கிய ஃபிரிட்ஜின் பெட்டி ஞாபகம் வந்தது. அதில் வந்த தெர்மோகோல் பரணில் சும்மா கிடந்தது. நுரைதானே இரண்டும். தவிரவும், அமுங்கும். என் ஜல்லி மெத்தை கிடைத்துவிட்டது.

மேஸ்திரி தெர்மோகோலைக் கட்டை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது. என்னைப் பார்த்தார். “ஸ்பிரிங்” என்றேன். அவர் அதற்கப்புறம் அன்று கேள்வி எதுவும் கேட்கவில்லை.

விரிப்பு ஒரு சதுர மீட்டர், 150 வாட். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் அதன் மின்தடை 353 ஓம் அருகில் வர வேண்டும். சாப்பாட்டு மேசையில் பரப்பி அளந்தேன், 349. காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு ஒட்டினேன். பிறந்த குழந்தைக்கு ஜாதகம் எழுதுகிறீர்களா என்றாள் மனைவி. விரிப்பைப் போட்டதும் ஒரு தடவை, மட்டக் கலவை ஊற்றியதும் ஒரு தடவை, கல் பதித்ததும் ஒரு தடவை அளக்க வேண்டும் என்று கோப்பு சொன்னது. கம்பி எந்தக் கட்டத்தில் அடிபட்டது என்று அப்போதுதான் தெரியும். முதல் அளவே இவ்வளவு சுத்தமாக வந்தபிறகு மீண்டும் மீண்டும் அளப்பது பொருளின்மேல் நம்பிக்கை இல்லாததைக் காட்டும் என்று விட்டுவிட்டேன். சர்வீஸில் கேஜ் ரிஜிஸ்டரில் ஒரு நாள் விட்டுப் போனதற்காக ஆட்களுக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால், ஆமாம்.

மட்டக் கலவைக்கு வருகிறேன். இது மோர் பதத்தில் கரைத்து ஊற்றினால் தானே பரவித் தானே மட்டமாகிற சிமெண்ட். ஊற்றுமுன் பிளைவுட்டுக்குப் பிரைமர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மரம் தண்ணீரைக் குடித்துவிடும். ஓரங்களையும் மூட்டுகளையும் டேப் ஒட்டி அடைக்க வேண்டும். பிரைமர் அடித்தேன். டேப் மறந்தேன். ரசமட்டம் வைத்துச் சட்டத்தை அப்படி ஒரு நேர்த்தியாக நிறுத்தியிருந்தேனே ஒழிய, ஊற்றிய கலவைக்கு என் நேர்த்தியில் அக்கறை இல்லை. மூலை இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, மழைத்தண்ணீருக்காக மாடித் தளத்துக்குக் கொடுத்திருக்கும் சரிவைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தது.

சரிவின் கோடியில் என் மனைவி வேட்டி விரித்து வடாம் பிழிந்திருந்தாள்.

அந்த வெயிலில் வடாமும் சிமெண்டும் ஒரே வேகத்தில் காய்ந்தன. பிரித்தெடுக்க முடியவில்லை. வேட்டி என்னுடையது என்பது எனக்குச் சாதகமான ஒரே அம்சம். அன்றிலிருந்து சில நாட்களுக்கு மாலை வேளைகளில் வீட்டில் இருப்பதைத் தவிர்த்தேன். மௌலா அலி குன்றின் அடிவாரத்தில் மஹ் லகா பாயின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1824இல் மறைந்த உருதுக் கவிஞர். நிஜாம் தர்பாரில் செல்வாக்கோடு இருந்தவர். தன் தாய்க்குக் கட்டிய இடத்திலேயே தானும் அடக்கமானவர். வீட்டில் கோபத்துக்கு ஆளானவன் போய் உட்கார அமைதியான இடம். உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. வெயில் இறங்கி வெகுநேரம் ஆகியும் குன்றிலிருந்து அனல் வந்துகொண்டே இருந்தது. 250 கோடி வருடத்துக் கருங்கல், பகல் முழுக்க வாங்கியதை ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கிறது. மேலே தர்காவுக்குப் படியேறுகிறவர்கள் மே மாத மத்தியானத்தில் கடைசிப் படிகளில் செருப்பில்லாமல் துள்ளுவதைப் பார்க்க வேண்டும். கரண்ட் பில் இல்லாமல் தரைக்கு அடியிலிருந்து சூடேற்றுகிற ஊரில் நான் ஒரு சதுர மீட்டரை 150 வாட்டில் சூடேற்றப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல் பதிக்கிற நாளில் மேஸ்திரி நான்கு ஓரத்திலும் விரல் மொத்தம் இடைவெளி விட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, நூல்கூட நுழையக் கூடாது, சட்டத்தோடு இறுக்கிப் பதியுங்கள் என்றேன். தாண்டூர் கல் ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் கரடு. ஒவ்வொரு பாளமும் ஒவ்வொரு கனம். கரணையால் அடியில் பசையைக் கூட்டிக் குறைத்துத் தட்டித் தட்டி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். கோபத்தில் கொஞ்சம் பலமாகவே தட்டினார் என்று நினைக்கிறேன்.

இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை. 13 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால் 6 மில்லிமீட்டர் நீளும். அந்த 6 மில்லிமீட்டருக்கு மூட்டில் இடம் விடாவிட்டால் பாதை பாம்பாக நெளியும். கோடை ரோந்து என்று கொளுத்துகிற வெயிலில் கேங் ஆட்களைக் கிலோமீட்டர் கணக்கில் நடக்கவிட்டது இதற்காகத்தான். இடைவெளி, இடைவெளி என்று என் தொண்டையே ஒரு மூட்டு மாதிரி ஆகியிருந்தது. அந்த நான் ஒரு சதுர மீட்டர் தரையில் நூல் நுழையக் கூடாது என்றேன். கல் வெயிலுக்கு மயிரிழைதான் நீளும் என்று மனக்கணக்கும் போட்டு வைத்திருந்தேன். கணக்கு சரி. தண்டவாளத்தை நீட்டுவது வெயில் என்பதால், எல்லாவற்றையும் வெயில்தான் நீட்டும் என்று நினைத்தது தப்பு. பலகையை நீட்டுவது மழை. அதுவும் நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில்.

ஆனால் மழைக்கு இன்னும் நாள் இருந்தது. பசை இறுகும்வரை கரண்ட் கொடுக்கக் கூடாது என்பதால் இரண்டு வாரம் பொறுத்து, ஒரு ஞாயிறு மதியம் லீட்ஸுக்கு வீடியோவில் திறப்பு விழா. காமிராவைப் பிடித்தது மனைவி. கல் தரையின் மேற்பரப்பு 29 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பியக் கணக்கு. தெர்மோஸ்டாட்டை 29இல் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். எண் பலகையில் வந்தது 52. கல்லுக்கு அடியில் புதைத்த சென்சார் உள்ளதைச் சொல்லிவிட்டது. தெர்மோஸ்டாட் நியாயமாக யோசித்து, இதற்கு மேல் எதற்கு என்று சும்மா இருந்தது.

“வேலை செய்யுதா மாமா?”

நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்மேல் ஏறி நின்றேன். நின்றேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. “பிரமாதம் மாப்பிள்ளை! கால் வைக்க முடியலே!”

“அந்தச் சிவப்பு லைட் எரியலியே?”

“வெயில்ல தெரியலே” என்றேன். மனைவி காமிராவை என் முகத்துக்குத் திருப்பினாள். பழிவாங்க வடாம் காத்திருந்தது.

ஜூனில் முதல் மழை வந்தது. தார்ப்பாய் போட்டிருந்தேன், ஈரக்காற்றுக்கு ஏது தார்ப்பாய். காய்ந்து கருவாடாகியிருந்த பைன் பலகைகள் ஒரே வாரத்தில் ஊதின. ஓரத்தில் நூல்கூட நுழைய இடமில்லாததால் அவை சட்டத்தை நெட்டின. ஒரு மூலை வாயைப் பிளந்தது. அடியில் என் ஸ்பிரிங் மெத்தையின்மேல் ஆடிக்கொண்டிருந்த இரண்டு கற்கள் தூக்கிக்கொண்டன. க்ரௌட் கோடு கோடாக உதிர்ந்தது. தட்டினால் டொக் டொக் என்று உள்ளே யாரோ பதில் சொல்வது போலிருந்தது. அன்று மாலை கல் குளிர்ந்து, சென்சார் எண் முதன்முறையாக 29க்குக் கீழே இறங்கியது. உள்ளே டிக் என்று ரிலே விழுந்தது. எத்தனை வாரம் காத்திருந்த சத்தம்!

மறுகணம் வீடு முழுக்க இருட்டு. கீழே சீரியல் நடந்துகொண்டிருந்தது என்பதை மனைவியின் குரலிலிருந்து தெரிந்துகொண்டேன்.

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற பிரேக்கர் போட்டிருந்தேன். இந்தத் திட்டத்திலேயே நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதுவும் என்னைக் காட்டிக் கொடுத்தது. கம்பியின் உறை எங்கோ கீறியிருக்கிறது. வெயில் காலம் முழுக்கக் கரண்டே ஓடாததால் தெரியவில்லை. ஈரம் ஏறியதும் கசிந்தது. கலவை ஊற்றும்போதா, கரணை பட்டா, என் ஸ்க்ரூவா? அந்தந்தக் கட்டத்தில் அளந்திருந்தால் தெரிந்திருக்கும். என்னிடம் இருந்தது ஒரு ஜாதகம் மட்டும்.

தீபாவளி கழிந்து மேஸ்திரியை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை அவர் சொல்ல, நான் கேட்டேன். பலகைகளை ஒரு மாதம் வீட்டுக்குள் கிடத்தி அந்த ஈரத்துக்குப் பழக்கினோம். உத்திரங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை கொடுத்து ஆட்டத்தை நிறுத்தினோம். பிளைவுட்டைச் சாணுக்கு ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்கி, விலையைப் பார்க்காமல் இன்சுலேஷன் பலகையை வாங்கி, வாஷர் வைத்துத் திருகி, மூட்டுக்கெல்லாம் டேப் ஒட்டினோம். புது விரிப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் மேஸ்திரியே, “ஓம் சூடண்டி சார்” என்று மல்டிமீட்டரை நீட்டினார். ஓம் என்பது மந்திரம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ, ஒவ்வொரு முறையும் அதற்கு முன் கையைக் கழுவினார். வளையும் பசை, நான்கு ஓரமும் விரல் மொத்த இடைவெளி. கட்டியது மாடிப்படி அறைக்குள், கூரைக்கு அடியில். டிசம்பரில் ரிலே டிக் என்றது. விளக்கு எரிந்தது. வீடும் எரிந்துகொண்டிருந்தது, அதாவது வீட்டு விளக்குகள்.

அந்தத் தெம்பில்தான் வசந்தத்தில் லீட்ஸுக்கு விமானம் ஏறினேன். ஆள் கூலியை மிச்சம் பிடிக்கும் பேச்சு அதற்குள் ஓய்ந்திருந்தது. மகள் ஏற்கெனவே ஓர் ஆளை ஏற்பாடு செய்திருந்தாள். அவர் பலகைகளைப் பெயர்த்து, உத்திரங்களுக்கு இடையில் கல்கம்பளி திணித்து, ஓட்டைச் செங்கற்களின் வழியை மட்டும் திறந்துவிட்டு, மேஸ்திரி செய்ததையே செய்தார். எனக்குச் சந்தோஷம். எனக்கும் ஒரு பொறுப்பு கொடுத்தார்கள், என் அனுபவத்துக்கு மரியாதையாக: உயரக் கணக்கு. இன்சுலேஷன் பலகை 10, மட்டக் கலவை 10, பசை 5, கல் 15. ஆக, பழைய பலகைமேல் 40 மில்லிமீட்டர். எழுதிக் கொடுத்தேன். கூட்டலில் தப்பே இல்லை.

ஜல்லி போட்டுப் போட்டுப் பாதை உயர்ந்தால் பிளாட்பாரம் தாழ்ந்துபோகும், மேம்பாலத்தின் அடி இடிக்கும். பாலத்துக்காரர்களோடு இதற்காக நான் கடிதத்தில் சண்டை போட்ட கட்டுகள் எங்காவது ஆபீஸ் அலமாரியில் இருக்கும். அடுக்களைக் கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. மௌலா அலி மாடியில் நான் கட்டிய லீட்ஸில் கதவு இல்லை. கல்லெல்லாம் பதித்து முடித்து, அந்த ஆள் கணக்கை வாங்கிக்கொண்டு போனபிறகு, மகள் கதவைத் திறந்தாள். கதவு விரல் அகலம் அசைந்து கல்லில் முட்டி நின்றது.

கதவை அறுத்துவிட்டோம். பாத்திரம் கழுவும் மெஷினை ஒன்றும் செய்ய முடியவில்லை. அது அடுக்களை மேடைக்கு அடியில், பழைய தரை மட்டத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது. முன்னால் தரை 40 மில்லிமீட்டர் எழுந்துவிட்டதால், மேடையைப் பெயர்க்காமல் அதை வெளியே இழுக்க வழியில்லை.

“மாமா, இது ரிப்பேர் ஆனா என்ன பண்றது?” என்று மாப்பிள்ளை கேட்டார். கோப்பு எதுவும் அனுப்பாமல் வாயாலேயே கேட்டார்.

“நல்ல கம்பெனி மாப்பிள்ளை. ஆகாது” என்றேன்.

ஊர் திரும்பிய அந்த வருடக் கடைசியில் மௌலா அலியில் ராத்திரி 13 டிகிரிக்கு இறங்கியது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம், இட்லி மாவு பொங்காது. மனைவி ஒரு நாள் என்னிடம் எதுவும் கேட்காமல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி அறைக்குப் போய், என் ஒரு சதுர மீட்டர் லீட்ஸின் நட்டநடுவில் வைத்தாள். தெர்மோஸ்டாட்டை யாரும் சொல்லிக் கொடுக்காமலே 30க்குத் திருப்பினாள். 29தான் கணக்கு என்றேன். அது காலுக்கு, இது மாவுக்கு என்றாள்.

காலையில் மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, கல்மேல் வழிந்து நாலாபக்கமும் ஓடியிருந்தது. சட்டத்தைத் தாண்டி ஒரு சொட்டு வெளியே போகவில்லை. இந்த முறை ஓரத்தில் ஒழுங்காக இடைவெளி விட்டிருந்தேன். மொத்த மாவும் அதற்குள்தான் இறங்கியிருந்தது.